விளக்கும் கணக்கும்

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டால், அருகில் குடியிருக்கும் எங்கள் வீடு உறவினர்களால் நிறைந்துவிடும். சென்ற முறை வந்தவர்களில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பி.எஸ்ஸி. நர்ஸிங் சேர விரும்புகிறாள். அவளுடைய தாயாருக்கோ கவலை. நாலு பேரோடு கலந்து பழகாதவள், சிரித்துப் பேசத் தெரியாதவள், இவள் எப்படி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வாள்? பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "ஊசி, ரத்தமெல்லாம் பயமில்ல மாமா. எப்பவும் பேசிக்கிட்டே இருக்கணுமோன்னுதான் பயம்."

நர்ஸ் என்றதும் நம் மனத்தில் எழும் பிம்பம் ஒன்றே ஒன்றுதான். கனிவான முகம், மெல்லிய குரல், வற்றாத பொறுமை. 'செவிலி' என்ற சொல்லைச் சங்க இலக்கியத்திலிருந்து எடுத்துத் தந்தவர்கள் அந்தத் தாய்மையையும் சேர்த்தே தந்துவிட்டார்கள். ஆனால் குறுந்தொகையின் 167ஆம் பாடலில் செவிலி என்ன செய்கிறாள்? மணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்குச் சென்று, அங்கே கண்டதை வந்து நற்றாயிடம் சொல்கிறாள். கூர்ந்து பார்ப்பதும், பார்த்ததை உரியவரிடம் சரியாகச் சொல்வதும். இன்றைய வார்டுகளில் ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்குக் கைமாறுவதும் அதுவேதான்.

கையில் விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், கிரீமியப் போரில் பணியாற்றியது 1854 முதல் 1856 வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாக. அதன்பின் 1910இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதி நோயுற்று, அறைக்குள் ஒதுங்கி, கடிதங்களும் அறிக்கைகளும் எழுதிய வாழ்க்கை. படைவீரர்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் மடிந்தார்கள் என்பதை 1858இல் வட்ட வரைபடமாக்கிக் காட்டியவர் அவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவ முகாம்களின் சாக்கடையைப் பற்றியும், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியும் எழுதினார். விளக்கு நமக்குப் பிடித்துப்போயிற்று, கணக்கை மறந்துவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதைத்தான். நர்ஸிங் என்பது ஒரு வேலை அல்ல. ஒரே சீருடைக்குள் இருக்கும் பல வேலைகள். அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், பேச்சுக்கு இடமே இல்லை. கருவிகளையும் பஞ்சுத் துணிகளையும் தொடங்குமுன் எண்ண வேண்டும், தைத்து மூடுமுன் மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் பிடிவாதம் வேண்டும். சாதுவான பெண்ணுக்கு அது கைகூடாமல் போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எண்களின் சிறு அசைவைப் பிடிக்கும் கண் வேண்டும். மனநல வார்டில் தன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்தவரின் நீண்ட மௌனத்தோடு உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். வாயாடிகளுக்கு அது சித்திரவதை. அவர்களுக்கென்றே கிராம சுகாதார செவிலியர் பணி இருக்கிறது. வீடு வீடாக ஏறி, மாமியாரைச் சம்மதிக்க வைத்து மருமகளைத் தடுப்பூசிக்கு அழைத்து வருவதற்குக் கருணையைவிடச் சாமர்த்தியம்தான் அதிகம் தேவை.

என் தாயார் கடைசியாகப் படுத்திருந்த வார்டில் இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. எனக்கு அவர்மேல் சற்று மனத்தாங்கல்கூட இருந்தது. ஓர் இரவு மூன்று மணிக்கு, சிறுநீர்ப் பையின் அளவு முந்தைய இரவைவிடக் குறைந்திருப்பதைக் கவனித்து டாக்டரை எழுப்பி வரவழைத்தவர் அவர்தான். அம்மாவுக்கு மேலும் பதினொரு நாட்கள் கிடைத்தன.

சுபாவத்துக்கு ஏற்ற பிரிவு எது என்பதைப் பதினேழு வயதில் யாரும் சொல்லிவிட முடியாது. நான்கு வருடப் படிப்பில் எல்லா வார்டுகளுக்கும் சுழற்சியில் அனுப்புகிறார்கள். எங்கே நேரம் போனது தெரியாமல் நின்றோம் என்பதை அப்போது குறித்துவைத்துக்கொள்வதுதான் வழி. மறுபக்கமும் உண்டு. பல இடங்களில் வார்டைத் தீர்மானிப்பது நர்ஸின் சுபாவம் அல்ல, அன்றைய ஆள் பற்றாக்குறை. நந்தனத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் டி.எம்.எஸ். வளாகம். 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசுப் பணியில் சேர்ந்த நர்ஸ்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அது சேவை, அவர்கள் தேவதைகள் என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்பதன் விலை அந்த 7,700 ரூபாயிலும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தேவதைக்கு யார் சம்பளம் தருவார்கள்?

இதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது அவளுடைய அம்மா மருந்துப் பையைத் திறந்து, "ராத்திரி மாத்திரை போட்டேனா?" என்று தேடினார். பெண் அட்டையைப் பார்க்காமலேயே சொன்னாள்: "போட்டுட்டே. ஆறு பாக்கி இருக்கு."