எத்தனை மாநிலத்துக்குக் கணக்குக் காட்டுவது?

அமெரிக்காவில் ஏப்ரல் 15 வரிக் கணக்கு நாள். மத்திய அரசுக்குக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று, எச்-1பி விசாவில் புதிதாகப் போய் இறங்கும் நம் பிள்ளைகளில் பலர் நினைத்துவிடுகிறார்கள். தீரவில்லை. 41 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சம்பளத்துக்குத் தனியே வருமான வரி கேட்கின்றன. டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மட்டுமே அது இல்லை. குடியிருக்கும் மாநிலம் மொத்த வருமானத்துக்கும் கணக்குக் கேட்கும். போய் வேலை செய்த மாநிலம் அங்கே ஈட்டியதற்குக் கேட்கும். வெளி மாநிலத்தில் கட்டிய வரியைச் சொந்த மாநிலம் பொதுவாகக் கழித்துக்கொள்ளும் என்றாலும், அந்தக் கழிவைப் பெறவே இரண்டு இடத்திலும் தாக்கல் செய்தாக வேண்டும். சென்னை வீட்டு வாடகைக்கு இந்தியாவில் கட்டிய வரிக்கோ கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் கழிவே தருவதில்லை.

மாநிலங்கள் வரி வாங்குவதை நாம் குறை கூறவில்லை. எத்தனை நாள் வேலை செய்தால் கணக்குக் காட்டும் கடமை வரும் என்பதில் ஊருக்கொரு சட்டம் இருப்பதைத்தான் எதிர்க்கிறோம். இல்லினாய்க்கு 30 வேலை நாட்களைத் தாண்ட வேண்டும். வேறு பல மாநிலங்களில் முதல் நாளே கடமை தொடங்கிவிடுகிறது.

நியூயார்க் செய்வது இன்னும் மோசம். அங்குள்ள நிறுவனத்தின் ஊழியர் வேறு மாநிலத்தில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும், அது நிறுவனத்தின் தேவைக்காக இல்லாமல் அவருடைய வசதிக்காக என்றால், அந்த நாட்களுக்கும் நியூயார்க்கில் வரி உண்டு. கனெக்டிகட்டில் குடியிருந்த சட்டப் பேராசிரியர் எட்வர்டு செலின்ஸ்கி இதை எதிர்த்து வழக்காடினார். வீட்டில் வேலை செய்த நாட்களின் வருமானத்துக்கு இரு மாநிலங்களும் அவரிடம் வரி கேட்டன. 2003இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. காலடி வைக்காத நாளுக்கு வரி கேட்பதை எப்படி நியாயம் என்பது?

நிறுவனங்களும் தப்பவில்லை. மேரிலாந்தைச் சேர்ந்த டெலிபிரைட் நிறுவனத்தின் மென்பொருள் ஊழியர் ஒருவர் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து வீட்டிலிருந்தே நிரல் எழுதினார். அந்த ஒருவர் அங்கே இருந்ததாலேயே நிறுவனம் நியூ ஜெர்சியில் நிறுவன வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2012இல் தீர்ப்பானது. வெளி மாநிலங்களில் சரக்குக்கு ஆர்டர் மட்டும் பிடிப்பவர்களுக்கு 1959ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விலக்குத் தருகிறது. மென்பொருள் சேவைக்கு அந்த விலக்கு இல்லை. பெரிய நிறுவனம் இதற்கென ஆள் வைத்துக்கொள்ளும். பத்துப் பேர் வேலை பார்க்கும் சிறு கம்பெனி தணிக்கையாளருக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

வழி இல்லாமல் இல்லை. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே உள்ள ஒப்பந்தப்படி, எல்லை தாண்டிப் போய் வருபவர் தன் சம்பளத்துக்குச் சொந்த மாநிலத்தில் வரி கட்டினால் போதும். நாடு முழுவதற்கும் 30 நாள் வரம்பு விதிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவே இல்லை. வருவாய் போய்விடும் என்பதே நியூயார்க் போன்ற மாநிலங்களின் வாதம். அன்றாடம் மன்ஹாட்டனுக்கு ரயிலேறி வருபவரிடம் வரி வாங்குவதை இந்த வரம்பு தடுக்காது. நான்கு நாள் பயிற்சிக்கு வந்தவரைத்தான் விட்டுவிடச் சொல்கிறது.

செனட் அந்த மசோதாவை நிறைவேற்ற வேண்டும். வீட்டில் இருப்பவரைத் துரத்தும் நியூயார்க் விதிக்கும் அதிலேயே தடை சேர்க்க வேண்டும். அதுவரை, ஊழியரை வெளி மாநிலத்துக்கு அனுப்பும் நிறுவனங்கள் அங்கே என்ன கணக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பயணச் சீட்டோடு சேர்த்தே எழுதித் தரட்டும்.