செக்கின் பற்சக்கரப் பெட்டிக்கு எவ்வெண்ணெய் தகும்?

தென்னார்க்காட்டுச் சீமை மணிலாக்கொட்டைக்குப் பேர்போனது என்பது யாவரும் அறிந்த விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இச்சீமையின் கொட்டை புதுச்சேரித் துறையினின்று கப்பலேறிப் பிரான்சு தேசத்து மார்செயில் நகரத்திற்குச் சென்றது. திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் ரகம் வெளி ராஜ்யங்களிலும் பரவிற்று. கொட்டையை விற்பதோடு நில்லாமல் தாமே ஆட்டி எண்ணெயாக விற்கும் வழக்கம் இக்காலத்தில் மீண்டும் தலையெடுத்து வருகிறது. வானூர் தாலூக்காவில் குயிலாப்பாளையம் முதலிய கிராமங்களுக்கு ஆரோவில்லும் புதுச்சேரியும் அணித்தாயிருத்தலால், செக்கெண்ணெயை விரும்பி வாங்குவோருக்குக் குறைவில்லை. ஆனால் முற்காலத்தில் செக்கிழுத்த மாட்டின் இடத்தில் இப்போது மின்சார மோட்டார் நிற்கிறது.

இம்மாறுதலில் எமக்கு ஆட்சேபமில்லை. மாட்டுக்கு வேளை தவறாமல் வைக்கோலும் பிண்ணாக்கும் தண்ணீரும் வைத்த குடியானவர், மோட்டாருக்கும் உரலுக்கும் நடுவே அமைந்த பற்சக்கரப் பெட்டிக்கு மட்டும் கையில் அகப்பட்ட எண்ணெயை ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறார் என்பதே எமது குறை. யந்திரம் வாங்க மானியமும் கடனும் உதவும் சர்க்கார் இலாகாக்களும் பாங்குகளும், அதற்கு எவ்வெண்ணெய் வேண்டுமென்பதை எடுத்துச் சொல்வதில் அதே சிரத்தையைக் காட்டவில்லை என்பதும் எமது அபிப்பிராயம்.

மோட்டார் நிமிஷத்திற்குச் சுமார் 1,440 முறை சுழல்கிறது. மரச்செக்கோ சுமார் 15 சுற்றளவில் மெதுவாகச் சுற்றவேண்டும். விரைந்தால் எண்ணெய் சூடேறி அதன் மணமும் குணமும் கெடும். ஆகவே வேகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. வேகம் குறையுமளவுக்குத் திருப்பும் பலம் பெருகி, அப்பளு முழுவதும் பெட்டியினுள்ளே சில பற்களின் மேல் விழுகிறது. சாதாரணப் பற்சக்கரங்களில் ஒரு பல் மற்றொன்றின்மேல் பெரும்பாலும் உருண்டும் சிறிது வழுக்கியும் செல்லும். வார்ம் கியர் என்னும் திருகுச் சக்கரத்திலோ உருளுதல் மிகச் சொற்பம். எஃகுத் திருகு வெண்கலச் சக்கரத்தின் பற்களை ஓயாமல் தேய்த்துக்கொண்டே செல்கிறது. வேகத்தை மிகுதியாகக் குறைக்கும் இவ்வகைப் பெட்டிகளில் மோட்டார் தரும் சக்தியில் மூன்றிலொரு பங்கு வெறும் உஷ்ணமாகப் போவதும் உண்டு. இவ்விரண்டு உலோகங்களையும் தொடவிடாமல் பிரித்து வைப்பது எண்ணெயின் மெல்லிய ஏடு ஒன்றே.

அவ்வேடு நிலைப்பதற்கு எண்ணெயின் பாகுத்தன்மை முதற்காரணம். விரைவாய்ச் சுழலும் சக்கரத்துக்கு இளகிய எண்ணெயும், பளு மிகுந்து மெதுவாய்ச் சுழல்வதற்குக் கெட்டியான எண்ணெயும் வேண்டும். ஆலை யந்திரங்களுக்குரிய எண்ணெயின் டப்பாவில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 220, 320, 460 என்று காணும் எண்கள், 40 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் அவ்வெண்ணெய்க்குள்ள பாகுத்தன்மையைக் குறிப்பவை. இது விலைத்தரமன்று; 460 என்பது 220-ஐவிட உயர்ந்த சரக்கு என்று எண்ணுவது தவறு. மேலும் 220 என்று குறித்த எண்ணெயும் 80 டிகிரிக்குச் சூடேறுமாயின் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு பாகுத்தன்மையே உடையதாகிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் நாளெல்லாம் ஓடும் பெட்டிக்கும், மார்கழிக் காலையில் இரண்டு நாழிகை ஓடும் பெட்டிக்கும் வேறுபாடு உண்டென்பதை இதனாலறியலாம். திருகுச் சக்கரப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 460 அல்லது 680 என்ற கெட்டி எண்ணெயும், சாய்ந்த பற்களையுடைய பெட்டிகளுக்கு 220 அல்லது 320-ம் குறிக்கப்படுகின்றன. ஆயினும் பெட்டியைச் செய்தவர் அதன் தகட்டில் பொறித்திருப்பதே பிரமாணம்.

டிராக்டர் எண்ணெய்களில் காணும் எஸ்.ஏ.இ. 90, 140 என்பவை வேறு கணக்கு. கியர் எண்ணெயின் 90-ம் என்ஜின் எண்ணெயின் 40 அல்லது 50-ம் பாகுத்தன்மையில் கிட்டத்தட்ட ஒன்றே என்றால் பலர் நம்பமாட்டார்கள். இவ்வெண்களின் குழப்பத்தினால் விளையும் நஷ்டம் கொஞ்சமன்று.

அதனினும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. டிராக்டருக்கு வாங்கியதில் மீந்த கியர் எண்ணெயைச் செக்கின் பெட்டியில் ஊற்றுவது பல இடங்களிலும் வழக்கம். கடும் பளுவைத் தாங்கும்பொருட்டு அவ்வெண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த மருந்துகள் கலக்கப்பட்டுள்ளன. ஈ.பி. என்னும் எழுத்துக்கள் அதையே குறிக்கும். எஃகோடு எஃகு உராயும் இடத்தில் இம்மருந்து மிக நல்லது. வெண்கலமோ செம்பு கலந்த உலோகம். சூட்டில் வேகங்கொண்ட கந்தகம் செம்பைத் தின்னும். பற்கள் கறுத்து, அரிபட்டு, எண்ணெயில் மஞ்சள் மின்னலாகத் துகள்கள் மிதக்கும். ஜி.எல்.5 என்று குறித்தவற்றில் இம்மருந்து ஜி.எல்.4-இல் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. எல்லா ஈ.பி. எண்ணெயும் வெண்கலத்தைக் கெடுக்கும் என்று நாம் சொல்லவில்லை. செம்பைத் தீண்டாதவகையில் பக்குவம் செய்தவையும் விற்பனைக்கு உள்ளன. வெண்கலத்திற்கு ஆகுமா என்று கடைக்காரரைக் கேட்டு, அதை எண்ணெய்க் கம்பெனியாரின் விவரத்தாளில் பார்த்து வாங்கவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. சில லிட்டர் எண்ணெயில் மிச்சம் பிடித்தவர், வெண்கலச் சக்கரத்தைப் புதிதாகக் கடைய வைத்து, ஆட்டும் பருவத்தில் செக்கை நிறுத்திவைக்க நேர்கிறது.

என்ஜினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை ஊற்றுவோரைப்பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை. அது கரியும் உலோகத் தூளும் கலந்த கழிவு. வேலியின் மரக்காலுக்குப் பூசலாம், பற்சக்கரத்திற்கு ஆகாது.

நமது முன்னோர் வைக்கோல் சாம்பலையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டியச்சுக்கு மையிட்டார்களே, இப்போது மட்டும் தாவர எண்ணெய் ஏன் கூடாது என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஆமணக்கெண்ணெய் 1914-18 யுத்தத்தில் ஆகாய விமானங்களின் சுழல் என்ஜின்களுக்கே மசகாக இருந்தது. திருகுச் சக்கரங்களுக்கென்று செய்யப்படும் சில எண்ணெய்களில் இன்றும் சிறிது கொழுப்பெண்ணெய் சேர்க்கிறார்கள், வழுக்கும் குணம் அதற்கு மிகுதியாதலால். ஆனால் வண்டியச்சு வாரந்தோறும் துடைத்து மையிடப்பட்டது. மூடிய பெட்டியோ மாதக்கணக்கில் சூட்டிலும் காற்றிலும் கிடப்பது. அங்கே மணிலா எண்ணெய் சிக்குப் பிடித்துப் புளித்துப் பசையாக இறுகும். செக்குக்காரர் தம் சரக்கையே பெட்டியில் ஊற்றுவது சிக்கனமன்று.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம், ஆட்டும் எண்ணெய் உண்பதற்குரியது என்பது. சில அமைப்புகளில் பெட்டியும் திறந்த பற்சக்கரங்களும் உரலுக்கு மேலேயே இருக்கின்றன. சீல் தேய்ந்தால் கியர் எண்ணெய் சொட்டு சொட்டாக உரலில் விழும். எண்ணெயோடு எண்ணெய் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. உணவுச் சாலைகளுக்கென்று எச்1 என்னும் வகுப்பு மசகெண்ணெய் உண்டு. தற்செயலாக உணவில் படினும் அமெரிக்க விதிகள் அதை அனுமதிக்கின்றன. அதுவும் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படலாகாது. விலை கூடுதலே. ஆயினும் உரலுக்கு மேலே பெட்டியுள்ள செக்குகளுக்கு இவ்வகுப்பைக் கட்டாயமாக்கவேண்டும் என்பதும், பெட்டியின் கீழ் ஒரு தகரத் தட்டு வைக்கவேண்டும் என்பதும் எமது திடமான கருத்து. கலப்படமற்றது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பவர் இச்செலவுக்குத் தயங்குவது முறையன்று.

குயிலாப்பாளையம் கடலுக்குச் சமீபமாதலால் உப்புக்காற்றும் ஈரமும் பெட்டியின் மூச்சுத் துளை வழியே உட்புகும். செம்மண் தூசியும் சேரும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்று அறிந்து உடனே மாற்றவேண்டும். சேற்றுழவு செய்யும் டிராக்டர்களிலும் இதே அடையாளத்தைக் காணலாம். புதுப் பெட்டியில் பற்கள் ஒன்றோடொன்று படியும்போது உதிரும் தூளைப் போக்க, முதல் எண்ணெயை 250 முதல் 500 மணி நேர ஓட்டத்திற்குள் வடிப்பது நலம். கண்ணாடிக் குறிக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் கடையப்பட்டு நுரைத்துச் சூடேறும். குறைந்தால் பற்கள் வறளும். சூடு 10 டிகிரி ஏறுந்தோறும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பாலிகிளைக்கால் என்னும் செயற்கை எண்ணெயுள்ள பெட்டியில் சாதாரணக் கனிம எண்ணெயை ஒரு சொட்டும் சேர்க்கலாகாது, இரண்டும் ஒன்றாகா.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தாலும் கணக்கெழுதும் பழக்கம் கிராமத்தில் ஒழியவில்லை. மானியத்தில் வரும் ஒவ்வொரு யந்திரத்தின்மேலும் எண்ணெயின் வகுப்பும் எண்ணும் தமிழில் எழுதிய தகடு இருக்கிறதா என்று பார்த்தபிறகே கையெழுத்திடலாம். எண்ணெய் மாற்றிய தேதியையும் ஓடிய மணியையும் குறிக்க ஒரு நோட்டுப் புஸ்தகம் போதும். தனித்தனியே இரண்டு மூன்று லிட்டர் கேட்பவருக்குச் சரியான 460-ஐயோ எச்1-ஐயோ தருவிக்கக் கடைக்காரர் பிரியப்படுவதில்லை. ஐந்தாறு செக்குக்காரர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் 20 லிட்டர் டப்பாவாகத் தருவித்துப் பங்கிட்டுக்கொள்வதே இதற்கு வழி. மணிலா அறுவடைக்கு முன்னரே இதை ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும்.