ஒரே காடு, இரண்டு கூரை

"யாருமே இல்லாத காட்டுல, ஆத்துச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே டென்ட்ல தூங்கினேன்." இந்த வரி இல்லாத பயணக் குறிப்பு உண்டா? அந்த 'யாருமே இல்லாத' என்பதுதான் பொய்.

ஆனைமலையை எடுத்துக்கொள்வோம். காடர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை. 2019 ஆகஸ்ட் மழையில் அவர்களுடைய கல்லார்குடி மண்சரிவில் சிதைந்தது. அங்கிருந்த குடும்பங்கள் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டார்கள். வனத்துறை அகற்றியது. தேயிலை எஸ்டேட்டின் பழைய லயன் வீடுகளில் முடங்கிக் கிடந்து, போராடி, 2021இல்தான் அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கினார்கள். காட்டில் குடியிருக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே ஏற்றிருந்தும் இவ்வளவு இழுபறி.

அதே காட்டில் மாநில எல்லையைத் தாண்டினால் பரம்பிக்குளம். அதுவும் புலிகள் காப்பகம்தான். அங்கே பயணிகள் தங்க, குளியலறையோடு கூடிய கூடாரங்களைக் கேரள வனத்துறையே வாடகைக்கு விடுகிறது.

"டென்ட்ல தங்குறவங்க மறுநாள் போயிடுவாங்க, குடிசை அப்படியா?" என்பார்கள். போவது நீங்கள்தான்; கூடாரம் அடுத்தவருக்காக அங்கேயே நிற்கிறது. "பழங்குடிகளுக்கு வேலை கிடைக்குதே?" கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் காட்டுக்குள் வழிகாட்டியாக இருக்கலாம், குடியிருப்பவராக இருக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

கூடாரத்தில் தங்காதீர்கள் என்று சொல்லவில்லை. போகிற காட்டில் யார் வாழ்கிறார்கள், அவர்களுக்குப் பட்டா இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரியுங்கள். அதைக்கூடச் செய்யாமல், 'மனிதர் காலடி படாத காடு'ன்னு மட்டும் போட்டோவுக்குக் கீழே எழுதாதீங்க.