பொது அறிவில் வராத ஆறு

பொது அறிவுப் போட்டி என்றால் பள்ளிப் பிள்ளைகள் நைல் நதியின் நீளத்தையும் சீனப் பெருஞ்சுவரின் வயதையும் உருப்போடுகிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கும் வியப்புகள் எந்தக் கையேட்டிலும் ஏறுவதில்லை. செய்தித்தாளில் வட சென்னை என்றால் சாம்பல், புகை, எண்ணெய்க் கசிவு. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே அந்த மண்ணின் கதை என்று ஒரு தலைமுறை நம்பி வளர்வது பெரிய அநியாயம்.

ராயபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய மும்பை போரிபந்தரிலும் தாணேயிலும் அந்தக் காலத்துக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் நிலையம் மட்டும் நிற்கிறது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது அங்கிருந்துதான். அதே ராயபுரத்தில் 1910-ல் கட்டிய பார்சி நெருப்புக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது ஒன்றே ஒன்று. கேரம் பலகைக்கு வந்தால், இருமுறை உலக சாம்பியனான மரிய இருதயம் முதல், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா வரை சென்னையின் பட்டியல் நீளும்.

புல்லட்டின் கதை இன்னும் விசித்திரமானது. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரின் கம்பெனி. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டுகளைக் கேட்டதால், மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1955-ல் இங்கே என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. வண்டியைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். போகப் போக பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது, 1970-க்குள் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. பெட்ரோல் டாங்கியின் பொன்னிறக் கோட்டை ஸ்டிக்கரால் ஒட்டாமல், தூரிகை பிடித்து ஒரே இழுப்பில் வரைந்த கைகள் திருவொற்றியூர்த் தொழிலாளர்களுடையவை. பிறந்த ஊரில் முடிந்துபோன ஒரு வண்டியைப் பிழைக்க வைத்த ஊர் இது என்று அங்கே ஒரு பலகை வைத்தால் தகும்.

கடல் கடந்து வந்தவை எல்லாம் இப்படி நன்மை செய்யவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் இப்போது கறுப்புச் சிப்பி ஒன்று சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கு மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. பூர்வீகம் தென் அமெரிக்கா. சரக்கு இறக்கிய கப்பல் ஆடாமல் இருக்க வயிற்றில் நீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் அதைக் கொட்டும். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் உலகம் சுற்றுகின்றன. இங்கேயும் அப்படித்தான் வந்திருக்கும் என்பது பரவலான கணிப்பு. இந்த நீரைக் கட்டுப்படுத்த 2004-ல் உருவான சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வர 2017 ஆகிவிட்டது. அதற்குள் இந்தச் சிப்பி பிலிப்பைன்ஸையும் சிங்கப்பூரையும் எட்டிவிட்டிருந்தது.

அது வந்ததால் யார் வயிற்றில் அடி விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இந்த உப்பங்கழிகளில் இருளர் மக்கள் வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பார்கள். தண்ணீரில் உட்கார்ந்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் இறால் தட்டியதும் அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போடுவார்கள். அந்தச் சேறு இப்போது சிப்பிக்கு அடியில். நார் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஓடுகள் கையையும் காலையும் கிழிக்கின்றன. சேற்றில் வாழ்ந்த மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லை. ஆபத்தை முதலில் கண்டு குரல் கொடுத்தவர்கள் மீனவர்கள்தான். பிறகே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை விஷயம் போனது. 1986-ல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் இதே சிப்பி ஒரு மின் நிலையத்தின் நீர்க் குழாய்களை அடைத்தது. அடுத்து வந்த குளிர்காலம் அதைக் கொன்றது. எண்ணூருக்கு அப்படி ஒரு குளிர்காலம் வரப்போவதில்லை. மனிதர்கள்தான் வாரி எடுக்க வேண்டும்.

இந்த முகத்துவாரத்தில் கடலைச் சேரும் ஆறு கொசஸ்தலை. இங்கே பார்க்கிறவர்களுக்கு அது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீர். மேற்கே போகப் போக அது வேறு ஆறு. 1944-ல் கட்டி முடித்த பூண்டி அணை, சென்னைக்குக் குடிநீர் தர, அதன் குறுக்கேதான் நிற்கிறது. பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம்.

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் வந்தார். அங்கே கைக்கோடாரிகள் கிடைத்தன. ஐரோப்பாவிலேயே இத்தகைய கற்கள் ஆதிமனிதன் செய்தவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நாலைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வயது தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் தோண்டினார்கள். தரையின் மேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உருவாகும். கல் மண்ணில் ஆழப் புதைந்ததும் கதிர் படுவது நின்றுவிடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையத் தொடங்கும். மிச்சம் இருக்கும் விகிதத்தை அளந்தால் கல் புதைந்து எத்தனை காலம் என்று கணக்கிடலாம். 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். ஆக, கொசஸ்தலைக் கரையில் உட்கார்ந்து கல் தட்டியவர்கள் நமக்கு வெகு முந்தைய வேறொரு மனித இனம்.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னே அந்தக் கற்கள்: கைப்பிடி அளவில், ஒரு முனை கூர்ந்து, இருபுறமும் சில்லு பெயர்த்த தழும்புகளோடு. எண்ணூர்ப் பள்ளிகள் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் பார்த்துத் திரும்பிவிடலாம்.