மூலிகைதானே!



சென்ற மாதம் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. அவருடைய அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். காபி டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில்தான் சிந்துகிறதாம். "மாத்திரையோடு பூனைக்காலி விதைப் பொடியும் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மூலிகைதானே, கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

அந்தத் 'தானே' என்னை விடவில்லை.

பூனைக்காலி சாதாரணக் கொடிதான். காயின் சுணை மேலே பட்டால் அரிப்பு தாங்காது. ஆனால் 1937இல் சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நோயாளிகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றிப்போயிருப்பதை 1960இல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். மூளைக்குள் போனதும் டோபமைனாக மாறுவது லெவோடோபா. அப்பாவின் மாத்திரையில் இருப்பதும் அநேகமாக அதுவேதான்.

ஆகவே மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால், ஒரே மருந்தை அளவு தெரியாமல் இரண்டு பங்காகக் கொடுத்ததாகிவிடும். குமட்டல், தலைச்சுற்றல், கைகால் தன்னிச்சையாக நெளிவது எல்லாம் வரலாம். மாத்திரை வாங்க வசதியில்லாதவர்களுக்கு இந்த விதை உதவுமா என்று பொலிவியாவில் சோதித்தார்கள். ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. தினமும் கொடுத்துப் பார்த்தபோது, 14 பேரில் 7 பேர் தொடர முடியாமல் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெவோடோபா மூளையைக் காக்கும் மருந்தல்ல. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போன்றது. ஓட்டையை அடைக்கும் மருந்து, அதாவது டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதைத் தடுப்பதாக மனிதர்களிடம் உறுதியானது, மூலிகையிலும் இல்லை, ஆங்கில மருந்திலும் இல்லை. மஞ்சளின் குர்குமினும் வல்லாரையும் ஆய்வுக்கூடத்து எலிகளிடம் நம்பிக்கை தந்திருக்கின்றன. அதற்கு மேல் இன்னும் நிரூபணமில்லை.

அந்த எலிகளுக்கு நோயை எப்படி வரவழைக்கிறார்கள் தெரியுமா? பல சோதனைகளில் ரோட்டினோன் என்ற நஞ்சைக் கொடுத்து. அது கிடைப்பதும் செடியின் வேரிலிருந்துதான்! மருந்தும் மண்ணில் முளைத்தது, நஞ்சும் மண்ணில் முளைத்தது.

அந்த மகளுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டுபோய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த மருத்துவரைப் பார்த்தாலும் அப்படியே செய்யுங்கள், எதையும் மறைக்க வேண்டாம். காபியை மட்டும் அரை டம்ளராக ஊற்றிக் கொடுங்கள். அப்பா இரண்டு தடவையாக, நிதானமாகக் குடிக்கட்டும்."

அன்புடன்,
ஆசிரியர்