ஒரே உறையில் நாலு கத்தி!

பேர் பெற்ற பாடகர்கள் ஒரே மேடையில் ஒற்றுமையாகப் பாட முடியுமா?

"முடியாது" என்றுதான் பலரும் சொல்வார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது பழமொழி. ஆனால் நார்வே நாட்டில் ஒரே உறையில் நாலு கத்திகள் இருந்தன!

நார்வே, ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர் நாடு. அங்கே 2006-ம் ஆண்டில் நாலு பாடகர்கள் கிட்டாருடன் ஒரே மேடையில் ஏறினார்கள். நாலு பேருமே தனித்தனியாகப் பெயர் எடுத்தவர்கள்.

யார் அந்த நாலு பேர்?

ஒருவர் குர்ட் நில்சன். குழாய் பழுது பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர். 2003-ம் ஆண்டு "ஐடல்" டெலிவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றார். பிறகு 11 நாடுகளின் வெற்றியாளர்கள் மோதிய போட்டியிலும் அவருக்கே முதல் இடம்! நடுவர் ஒருவர் அவருடைய தோற்றத்தைக் கேலி செய்தார். மக்களோ குரலைக் கேட்டு ஓட்டுப் போட்டார்கள்.

இரண்டாமவர் எஸ்பன் லின்ட். அமெரிக்கப் பாடகி பியான்சே பாடிப் புகழ்பெற்ற "இர்ரீப்ளேசபிள்" பாட்டை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர்.

மூன்றாமவர் அலெகாந்திரோ புவெண்டஸ். தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் பிறந்து, நார்வேயில் வளர்ந்தவர். நாலாமவர் அஸ்கில் ஹோல்ம்.

இவர்களை மக்கள் "புதிய கிட்டார் தோழர்கள்" என்று அழைத்தார்கள். 1988-ம் ஆண்டு நார்வேயின் மூத்த பாடகர்கள் நாலு பேர் "கிட்டார் தோழர்கள்" என்ற பெயரில் சேர்ந்து பாடினார்கள். அதனால் வந்த பெயர் இது.

ஆளுக்கு ஒரு அடி

கனடா நாட்டுக் கவிஞர் லியோனார்டு கோகன் 1984-ல் வெளியிட்ட "அல்லேலூயா" பாட்டைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு அடி. பல்லவி வரும்போது நாலு குரலும் சேரும். மேடையில் பாடியது அப்படியே இசைத்தட்டாக வந்தது. விற்பனையில் முதல் இடத்தைப் பிடித்தது.

"இது வியாபாரம். நாலு பேருடைய ரசிகர்களையும் ஒரே கொட்டகையில் சேர்க்கும் தந்திரம்" என்று சிலர் சொல்லலாம். "பாட்டும் புதிது அல்லவே!" என்றும் கேட்கலாம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. பெயர்களைக் கூட்டினால் டிக்கெட் விற்கும். ஆனால் பாட்டு இனிக்க வேண்டுமே! அதற்கு வேறு ஒன்று வேண்டும்.

அது என்ன? அடுத்தவர் பாடும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது! தன் குரல் ஓங்கி நிற்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தாலும் பல்லவி கெட்டுவிடும். கைதட்டல் வாங்கிப் பழகியவருக்கு, அடுத்தவர் வாங்கும் கைதட்டலைப் பார்த்துக்கொண்டு நிற்பது கடினம். அந்த நாலு பேரும் அதைச் செய்தார்கள். அதனால்தான் பழைய பாட்டும் கேட்பவர்களுக்குப் புதிதாக இருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சேர்ந்து பாடியதால் யாரும் தம் வழியை விட்டுவிடவில்லை. அவரவர் பாட்டை அவரவர் தனியே பாடினார்கள். 2009-ல் மறுபடி கூடி, இரண்டாவது இசைத்தட்டும் கொடுத்தார்கள். எப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் ஒற்றுமை என்பது இல்லை. பிரிந்து போய், பகை இல்லாமல் திரும்பி வருவதும் ஒற்றுமைதான்.

வீட்டில் அண்ணன் தம்பிகளுக்கும் இது பொருந்தும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் சண்டை. முறை வைத்துப் பேசினால் அதுவே சங்கீதம்!