சத்தத்தைக் குறைத்தது யார்?

கம்ப்யூட்டரில் வயலின் ஒலிக்கிறது. இது மரத்தால் ஆன வயலின் அல்ல. உண்மையான வயலின் ஓசையைப் பதிவு செய்து உள்ளே அடைத்திருக்கிறார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் வயலின் பேசும்.

பாட்டு நன்றாகப் போகிறது. திடீரென்று வயலின் சத்தம் அமுங்கி விடுகிறது! யாரும் எதையும் தொடவில்லை.

"சாப்ட்வேர் கெட்டு விட்டது" என்கிறார் ஒருவர். "வேறு வயலின் வாங்கிப் போடு" என்கிறார் இன்னொருவர். பணம் போகிறது. பாட வந்தவர் காத்துக் கிடக்கிறார். புது வயலினும் அதே இடத்தில் அமுங்குகிறது!

வயலின் மீது குற்றம் இல்லை. அது சொன்னதைச் செய்கிறது. சொன்னது யார் என்று தேட வேண்டும்.

1983-ம் ஆண்டு மின்சார வாத்தியங்களுக்கு ஒரு பொது பாஷை பிறந்தது. அதன் பெயர் "மிடி". அமெரிக்க, ஜப்பானிய கம்பெனிகள் சேர்ந்து உண்டாக்கியது. அதில் கட்டளைகளுக்கு நம்பர் உண்டு. 7-ம் நம்பர் வால்யூம். 11-ம் நம்பர், பாட்டின் நடுவே ஏற்றி இறக்க. இரண்டுக்கும் அளவு 0 முதல் 127 வரை. 7 உச்சத்தில் இருந்தாலும், 11 இறங்கினால் சத்தம் இறங்கும்.

கீபோர்டின் ஓரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அது 1-ம் நம்பர். பல கம்ப்யூட்டர் வயலின்களில் வில்லை அழுத்துவதே அதுதான். பதிவின்போது கை பட்டால் போதும், அதுவும் பதிவாகி விடும்!

இன்னொரு வேடிக்கை. பாட்டின் முடிவில் சத்தத்தை மெல்லக் குறைத்து 0-க்குக் கொண்டு வருகிறார்கள். மறுபடி முதலிலிருந்து போட்டால் வயலின் ஊமை! இரவில் திரியை இறக்கிய அரிக்கேன் விளக்கு, மறுநாள் தானாகவா ஏறும்? பாட்டின் தொடக்கத்திலேயே 7-க்கு 100, 11-க்கு 127 என்று எழுதி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

கட்டளைகளைப் பழைய நிலைக்குத் திருப்ப 121-ம் நம்பர் இருக்கிறது. அதை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அது 11-ஐச் சரி செய்யும். 7-ஐத் தொடாது. விதியே அப்படி!

பலர் செய்வது என்ன? சத்தம் குறைந்ததும் மிக்சரை ஏற்றி விடுகிறார்கள். இது ஆபத்து. அடுத்த வரியில் "127" என்ற கட்டளை வந்தால், ஹெட்போன் மாட்டியவர் காது என்ன ஆவது?

வாத்தியம் செய்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆர்மோனியத்தில் துருத்தி தளர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பல கம்ப்யூட்டர் வாத்தியங்களில் 11-ம் நம்பர் எங்கே நிற்கிறது என்று காட்ட ஒரு கோடு கூடக் கிடையாது. விதவிதமான படம் போட இடம் இருக்கிறது. இதற்கு இடம் இல்லையா?